பேரல் ரோல்: பீப்பாய்க்குள் ஓடும் விமானம்

சென்ற தை மாதம், எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்றுக்காகக் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் உள்ள எங்கள் பழைய வீட்டைத் திறந்து, தூசி தட்டி, விளக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் கைப்பேசியை நீட்டி, "அம்மான், இதுதான் பேரல் ரோல்" என்று ஒரு காணொளியைக் காட்டினான். புகையைக் கக்கிக்கொண்டு நேராகப் பறந்துவந்த சிறு விமானம் ஒன்று, போகிற போக்கில் ஒருமுறை தன்னைத்தானே புரட்டிக்கொண்டு மீண்டும் நிமிர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது; ஆனால் அது பேரல் ரோல் அன்று. ஏன் அன்று என்பதை அவனுக்குச் சொல்லத் தொடங்கியபோது, முகப்பில் இருந்த பர்மா தேக்குத் தூணில் மின்பணியாளர் சீரியல் பல்பு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தது எனக்கு உதவியாக அமைந்தது. அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒரு விமானம் எத்தனை வகையில் அசையும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு நம் தலையே போதும். "இல்லை" என்பதற்குத் தலையை இடமும் வலமும் திருப்புகிறோம். விமானத்தின் மூக்கு அவ்வாறு பக்கவாட்டில் திரும்புவதை யா என்பர். "ஆம்" என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறோம். மூக்கு அவ்வாறு ஏறி இறங்குவது பிட்ச். வெளிநாட்டவருக்கு ஒருபோதும் விளங்காத மூன்றாவது ஆட்டம் ஒன்று நம்மிடம் உண்டு: தலை ஒரு தோளை நோக்கிச் சாய்ந்து, மறு தோளை நோக்கிச் சாயும். மூக்கு எங்கும் திரும்பாமல் ஓர் இறக்கை தாழ்ந்து மறு இறக்கை உயர்கிற அந்த அசைவுதான் ரோல். கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்பவரின் உடல் எந்த அச்சில் புரள்கிறதோ, அதே அச்சில்தான் விமானமும் ரோல் செய்கிறது. ஒரே வேறுபாடு, பக்தர் பக்கவாட்டில் நகர்கிறார். விமானமோ தலை இருக்கும் திசையில் முன்னோக்கிப் போய்க்கொண்டே புரள்கிறது.

இந்த அசைவுகளை உண்டாக்குபவை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகள். இறக்கை நுனிக்கு அருகில், பின்விளிம்பில், கீல் வைத்ததுபோல் இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்று மேலே எழும்போது மற்றொன்று கீழே இறங்கும். இவற்றுக்கு எய்லரான் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இந்தச் சொல்லுக்குச் சிறு இறக்கை என்று பொருள். ரோலுக்கு எய்லரான், பிட்சுக்கு வாலில் படுக்கையாக உள்ள எலிவேட்டர், யாவுக்கு வாலில் நிமிர்ந்து நிற்கும் ரட்டர். விமானியின் கையில் உள்ள கட்டுப்பாட்டுத் தண்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் எய்லரான் அசையும்; தன்னை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் அசைந்து மூக்கு உயரும்.

இனி, பையன் காட்டிய காணொளிக்கு வருவோம். விமானி மூக்கைச் சற்றே உயர்த்திவிட்டு, தண்டை ஒரு பக்கம் முழுவதுமாகச் சாய்க்கிறார். விமானம் தன் நீளவாக்கு அச்சைப் பற்றி 360 பாகை புரண்டு நிமிர்கிறது. விமானம் போகும் பாதை ஏறக்குறைய நேர்கோடாகவே இருக்கிறது. இதன் பெயர் எய்லரான் ரோல். வேகமான போர்விமானங்கள் இதை ஓரிரு நொடிகளில் முடித்துவிடும். இதையே மிக மெதுவாக, உயரம் குறையாமல், துல்லியமான நேர்கோட்டில் செய்தால் அது ஸ்லோ ரோல். அது கடினமானது, விமானம் தலைகீழாக இருக்கும் நொடிகளில் விமானி இருக்கைப் பட்டையில் தொங்குவார், காலடியில் கிடக்கும் தூசியும் தவறவிட்ட பேனாவும் கண்ணாடிக் கூரைக்குப் போய்ச் சேரும்.

லூப் என்பது வேறொன்று. அதில் புரளலே இல்லை. தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, மூக்கை மேலே ஏற்றி, தலைகீழாகி, செங்குத்தாக இறங்கி, தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிற பெரிய வட்டம் அது. நம் ஊரில் குட்டிக்கரணம் என்று சொல்வது சரியாக இதற்கே பொருந்தும். செய்தித்தாள்கள் வானில் நடக்கும் எல்லாவற்றையும் குட்டிக்கரணம் என்று எழுதிவிடுகின்றன என்பது என் பழைய மனக்குறை.

எய்லரான் ரோலையும் லூப்பையும் ஒரே நேரத்தில், சம அளவில் கலந்தால் கிடைப்பதுதான் பேரல் ரோல். விமானி தண்டைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். அதே வேளையில் தன்னை நோக்கி இழுத்தும் பிடிக்கிறார். புரளல் நடந்துகொண்டே இருக்க, இழுப்பும் விடாமல் தொடர்வதால், விமானம் நேர்கோட்டை விட்டு விலகி, ஒரு பெரிய சுருளாகப் போகிறது. முகப்புத் தூணில் சுற்றிய சீரியல் வயர் எப்படிப் போகிறதோ அப்படி. தூணை மட்டும் மனத்துக்குள் படுக்கையாகக் கிடத்திக்கொள்ள வேண்டும். வயர் தூணைச் சுற்றிக்கொண்டே தூணின் நீளத்தில் முன்னேறுகிறது. விமானத்தின் பாதை அந்த வயர். ஒரு முழுச் சுற்று முடியும்போது, அது தொடங்கியபோது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ ஏறக்குறைய அதே திசையில், ஏறக்குறைய அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பெயரில் உள்ள பீப்பாய் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். பேரல் ரோல் என்றதும், தரையில் உருட்டிவிட்ட பீப்பாய்போல் விமானம் உருள்கிறது என்று எண்ணத் தோன்றும். அப்படி உருள்வது எய்லரான் ரோலில்தான். பேரல் ரோலில் விமானம் பீப்பாய் அன்று. பீப்பாய்க்குள் ஓடும் எறும்பு. படுக்கவைத்த ஒரு மாபெரும் பீப்பாயின் உட்சுவரில், சக்கரங்கள் சுவரில் படும்படியாக ஓடி, பக்கச்சுவரில் ஏறி, மேற்சுவரில் தலைகீழாகக் கடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கி, அடிக்கு வருகிறது; அதற்குள் பீப்பாயின் மறுமுனைப் பக்கம் நெடுந்தொலைவு வந்துவிடுகிறது. சக்கரங்கள் வெளிப்பக்கமும் விமானியின் தலை பீப்பாயின் நடுவைப் பார்த்தும் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சீரியல் வயர் உவமையில் சொன்னால், வயரில் ஊர்கிற குட்டி விமானத்தின் தலை எப்போதும் தூணை நோக்கியே இருக்கும். இதை இழுத்துப் பிடித்த எலிவேட்டர் பார்த்துக்கொள்கிறது.

இந்தப் பீப்பாய் எவ்வளவு பெரியது என்று கேட்டால், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சிறிய விமானம் ஒன்று, 10 நொடிகளில் ஒரு பேரல் ரோலை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். பீப்பாயின் மையத்தை நோக்கி அது வளையும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்றால், பீப்பாயின் குறுக்களவு ஏறத்தாழ 75 மீட்டராகவும், நீளம் ஏறத்தாழ 500 மீட்டராகவும் வரும். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் எங்கள் பக்கத்து வளவு வீடுகளைக்கூட, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசையாக அதற்குள் அடுக்கிவிடலாம். உண்மையில் இவ்வளவு ஒழுங்கான பீப்பாயை எந்த விமானியும் போடுவதில்லை. விமானம் பக்கவாட்டில் 90 பாகை சாய்ந்து நிற்கும்போது இறக்கையின் தூக்குவிசை முழுவதும் பக்கவாட்டிலேயே இருக்கும். எடையைத் தாங்க ஒன்றுமில்லை. ஆகவே விமானம் சற்று விழும், பீப்பாய் சற்று நசுங்கும்.

அந்த விழுதலை முன்கூட்டியே ஈடுகட்டுவதில்தான் விமானியின் திறமை இருக்கிறது. பயிற்சியில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், அடிவானத்தில் ஒரு மலையையோ மேகத்தையோ குறிப்புப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, மூக்கை அதற்கு ஒரு பக்கமாக விலக்கி வைத்துவிட்டு, மூக்கின் நுனியால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வரையச் சொல்கிறார்கள். பெண் அழைத்து வரும்போது வாசலில் ஆரத்தித் தட்டை முகத்தைச் சுற்றி எடுப்பதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: முகம் குறிப்புப் புள்ளி, தட்டு விமானத்தின் மூக்கு. கால் சுற்று முடிந்து இறக்கை செங்குத்தாக நிற்கும்போது, மூக்கு புள்ளிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அரைச் சுற்றில் விமானம் முழுத் தலைகீழாக இருக்கும்போது, மூக்கு புள்ளியின் மறுபக்கத்தில், அடிவானத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். முக்கால் சுற்றில் புள்ளிக்கு நேர் கீழே. பிறகு தொடங்கிய இடம்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அந்த முதல் கால் சுற்றில்தான். மூக்கைப் போதுமான அளவு உயர்த்தாமல் அவசரமாகப் புரட்டிவிட்டால், தலைகீழான நிலைக்கு வரும்போதே மூக்கு அடிவானத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பதற்றத்தில் புரளலை நிறுத்திவிட்டுத் தண்டை இன்னும் இழுத்தால், விமானம் தரையை நோக்கிப் பாயும். உயரமும் போகும், வேகமும் எல்லை மீறும். இதனால்தான் இத்தகைய சாகசங்களைத் தாழ்வான உயரத்தில் பழகக் கூடாது என்பது எங்கும் விதி. அமெரிக்காவில் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே சாகசப் பறத்தல் செய்ய அனுமதி இல்லை.

அடுத்து, பேரல் ரோலின் தனிச்சிறப்பான பகுதிக்கு வருகிறேன். விமானம் தலைகீழாக இருக்கும்போதும் உள்ளே இருப்பவர் தலைகீழாகத் தொங்குவதில்லை. அவர் உடல் இருக்கையிலேயே அழுந்தியிருக்கும். அக்கா மகன் இதை நம்ப மறுத்தான். சமையற்கட்டிலிருந்து ஒரு தூக்குவாளியை வாங்கி, பாதி நீர் நிரப்பி, பின்கட்டு முற்றத்தில் வைத்து, கையை முழுவதுமாக நீட்டித் தலைக்கு மேலே வட்டமாகச் சுற்றிக் காட்டினேன். வாளி உச்சியில் கவிழ்ந்து போகும்போதும் ஒரு சொட்டு நீர் சிந்தவில்லை. அவன் செய்தபோது, உச்சிக்குப் போகும்போது பயந்து வேகத்தைக் குறைத்தான். நீர் முழுவதும் அவன் சட்டையில். அந்தத் தோல்வியும் நல்ல பாடந்தான். தோள் முதல் வாளி நீர் வரை சுமார் ஒரு மீட்டர் என்றால், ஒரு சுற்றை 2 நொடிக்குள் முடிக்க வேண்டும்; அதைவிட மெதுவாகச் சுற்றினால் நீர் உச்சியில் வாளியை விட்டு விலகத் தொடங்கிவிடும்.

விமானத்தில் நடப்பதும் இதுவே. உடலில் உணரும் அழுத்தத்தை விமானிகள் ஜி என்ற அளவால் சொல்வார்கள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் உணர்வது 1 ஜி. முன்பு போட்ட கணக்கின்படி, மையத்தை நோக்கிய முடுக்கம் ஒன்றரை மடங்கு என்றால், பீப்பாயின் அடியில் அதனுடன் புவியீர்ப்பும் சேர்ந்து 2.5 ஜி ஆகும். 60 கிலோ எடையுள்ளவர் அந்த நொடியில் 150 கிலோ எடை உள்ளவரைப்போல் இருக்கையில் அழுந்துவார். உச்சியில் புவியீர்ப்பைக் கழித்தால் 0.5 ஜி எஞ்சும். பாதி எடையுடன் என்றாலும் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். பேரல் ரோல் முழுவதும் சரியாக 1 ஜி தான் இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அது கவர்ச்சியான கூற்று, ஆனால் சரியன்று. நேராகப் பறக்கும் விமானம் 1 ஜி-யிலேயே இருந்தால் அது நேராகத்தான் பறந்துகொண்டிருக்கும். மேல்நோக்கி வளைய வேண்டுமென்றால் அதற்கு மேல் வேண்டும். எப்போதும் நேர்மறை ஜி, அதாவது எப்போதும் இருக்கையை நோக்கிய அழுத்தம், என்று சொல்வதே பொருத்தம்.

இது மனிதர்களுக்கு மட்டுமல்லாமல் எஞ்சினுக்கும் முக்கியம். எண்ணெயும் எரிபொருளும் தொட்டியின் அடியிலேயே இருந்தால்தான் பல எஞ்சின்களுக்கு அவை ஒழுங்காகப் போய்ச்சேரும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்களில் இருந்த மெர்லின் எஞ்சின், விமானி தண்டை முன்னுக்குத் தள்ளி எதிர்மறை ஜி-க்குப் போனதும் திணறி நின்றுவிடும். பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941-ல் ஒரு சிறிய உலோக வளையத்தைக் கார்புரேட்டருக்கான எரிபொருள் வழியில் பொருத்தி அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தார். பேரல் ரோலில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

இதைக் கண்முன் நிறுவிக் காட்டியவர் அமெரிக்க விமானி பாப் ஹூவர். 1947-ல் சக் யேகர் முதன்முதலாக ஒலியின் வேகத்தைக் கடந்தபோது, உடன் பறந்த துணை விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் அவர். பிற்காலத்தில் ஷ்ரைக் கமாண்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் விமானத்தைப் பேரல் ரோல் செய்துகொண்டே மறு கையால் ஜாடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த தேநீர் ஊற்றுவார். ஜன்னலில் வானமும் தரையும் இடம் மாறும். தேநீரோ அதைக் கண்டுகொள்ளாமல் குவளைக்குள்ளேயே விழும். நம் தூக்குவாளிக்கும் அவர் குவளைக்கும் இயற்பியல் ஒன்றுதான், ஆனால் சட்டை நனையாமல் அதைச் செய்வதற்கு ஒரு வாழ்நாள் பயிற்சி வேண்டும்.

இன்னொரு புகழ்பெற்ற பேரல் ரோல் 1955 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரியின் மேல் நடந்தது. படகுப் போட்டி பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. விமான நிறுவனங்களின் பெரிய மனிதர்களும் வந்திருந்தார்கள். போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன், நான்கு ஜெட் எஞ்சின் கொண்ட 367-80 என்ற மாதிரி விமானத்தை அவர்கள் தலைக்கு மேலே பேரல் ரோல் செய்து, சரியாகப் பார்க்காதவர்கள் இருக்கக் கூடாது என்பதுபோல் திரும்பி வந்து மறுமுறையும் செய்தார். ஒரே ஒரு விமானந்தான் அப்போது இருந்தது. நிறுவனத்தின் எதிர்காலமே அதில் இருந்தது. தலைவர் பில் ஆலன் அழைத்து என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, விமானம் விற்றேன் என்ற பொருளில் பதில் சொன்னார் ஜான்ஸ்டன். துணிச்சல் என்று இதைக் கொண்டாடுவது வழக்கம். கணக்குத் தெரிந்தவர் செய்த காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது: நேர்மறை ஜி-யிலேயே நடக்கும் பேரல் ரோலில் இறக்கைகளுக்கு வரும் சுமை அவற்றின் வலிமைக்குள் அடங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வடிவமைப்பிலிருந்து பிறந்ததே போயிங் 707; 1960-ல் ஏர் இந்தியாவும் அதை வாங்கிப் பறக்கவிட்டது. ஹூவரின் ஷ்ரைக் கமாண்டரும் ஜான்ஸ்டனின் 367-80 விமானமும் இன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே ஸ்மித்சோனியன் அமைப்பின் ஒரே அருங்காட்சியகக் கட்டடத்தில் நிற்கின்றன.

பேரல் ரோல் வேடிக்கைக்கு மட்டுமானதன்று. வான்சண்டையில், எதிரியின் பின்னால் மிகுந்த வேகத்தோடு வரும் விமானம், அப்படியே போனால் எதிரியைத் தாண்டி அவன் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்க நேரும். அப்போது அது பேரல் ரோல் செய்தால், நேர்வழிக்குப் பதிலாகச் சுருள்வழியில் போவதால், திசை மாறாமலேயே முன்னேறும் வேகம் குறையும். துரத்தப்படுபவரும் இதே உத்தியைக் கையாண்டு, துரத்துபவரைத் தன்னைத் தாண்டிப் போகவைக்க முயல்வார். இருவரும் ஒரே நேரத்தில் இதைச் செய்தால், ஒன்றையொன்று சுற்றிய இரு வயர்கள்போல் இரண்டும் பின்னிக்கொண்டு போகும். அதற்கு ரோலிங் சிசர்ஸ் என்று பெயர்.

கூட்டமாகப் பறக்கும் சாகசக் குழுக்களுக்கும் இதுவே வசதி. நம் விமானப்படையின் சூர்யகிரண் குழு 1996-ல் தொடங்கப்பட்டது. இப்போது ஹாக் வகைப் பயிற்சி விமானங்கள் ஒன்பதைக் கொண்டு பறக்கிறது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவிலும் அவர்கள் பறந்தார்கள். ஒன்பது விமானங்கள் நெருங்கிய அணியாக இருக்கும்போது தலைமை விமானம் சட்டென்று எய்லரான் ரோல் செய்தால், ஓரத்தில் இருப்பவை மிகப் பெரிய வட்டத்தை நொடியில் கடக்க வேண்டிவரும். அது ஆகாத காரியம். ஆகவே அணி முழுவதும் ஒரே தட்டுபோலப் புரளும் காட்சிகளில், தலைமை விமானி அகலமாகவும் நிதானமாகவும் பேரல் ரோல் செய்கிறார். மற்றவர்கள் அவரோடு ஒட்டிக்கொண்டு போகிறார்கள். இதற்கு மாறாக, சாகசப் பறத்தல் போட்டிகளில் பேரல் ரோலுக்கு இடமில்லை. அங்கே ரோல் என்றால் நேர்கோட்டிலிருந்து சிறிதும் விலகாமல் செய்வது. சுருளாகப் போனால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

சொல்லின் வழக்கு எப்படித் தடம் மாறியது என்பதற்கு, 1997-ல் நின்டெண்டோ வெளியிட்ட ஒரு விண்வெளி வீடியோ கேமை முதன்மையாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு பாத்திரம், பேரல் ரோல் செய் என்று கத்தும். ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தியதும் விண்கலம் இருந்த இடத்திலேயே புரளும். அது எய்லரான் ரோல். அந்த வசனம் இணையத்தில் பரவி, 2011-ல் கூகுள் தேடலில் ஆங்கிலத்தில் அதைத் தட்டச்சு செய்தால் பக்கமே ஒருமுறை சுழலும்படி வைத்தார்கள். அதுவும் தன் அச்சில் சுழல்வதே. விபத்தில் பக்கவாட்டில் உருண்ட காரைக்கூட ஆங்கிலச் செய்திகளில் பேரல் ரோல் ஆனதாக எழுதுகிறார்கள். அங்கே உண்மையாகவே ஒன்று பீப்பாய்போல் உருண்டிருப்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வேறு சொல், வேறு பொருள். லாவோஸ் நாட்டின் மீது அமெரிக்கா 1964 முதல் 1973 வரை நடத்திய இரகசியக் குண்டுவீச்சுக்கும் இந்தப் பெயரே சூட்டப்பட்டிருந்தது. விமானத்தின் புரளலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இராணுவம் வைத்த குறிப்புப் பெயர், அவ்வளவே.

தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி எழும். பீப்பாய் உருளல் என்று மொழிபெயர்த்தால், ஆங்கிலப் பெயரில் உள்ள அதே மயக்கம் இன்னும் அழுத்தமாக வந்து சேரும். பீப்பாயே போர்த்துகீசியத்தின் பிப்பா என்ற சொல் நம் வாயில் புரண்டு வந்ததுதான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பொருளைச் சொல்ல வேண்டுமென்றால் சுருள் உருளல் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சில் பேரல் ரோல் என்பதையே வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

இரண்டையும் கண்ணால் பிரித்தறிய எளிய வழி புகை. சாகச விமானங்கள் பெரும்பாலும் புகை விட்டுக்கொண்டே பறக்கும். எய்லரான் ரோல் முடிந்தபின் வானில் நிற்கும் புகை, கயிறு கட்டியதுபோல் நேராக இருக்கும். பேரல் ரோல் முடிந்தபின் நிற்பது நீட்டிப் பிடித்த ஸ்பிரிங்கின் ஒரு சுற்று. அன்று மாலை சட்டை காய்ந்தபின், பையன் அதே காணொளியை மீண்டும் ஓடவிட்டு, விமானத்தை விட்டுவிட்டுப் புகையை மட்டும் பார்த்தான். புகை நேராக இருந்தது. "அம்மான், தலைப்புத் தப்பு" என்றான். முகப்பில் சீரியல் பல்புகள் தூணைச் சுற்றி எரியத் தொடங்கியிருந்தன.